ஏரிக்கும் ஒரு வாக்காளர் பட்டியல்: பழவேற்காட்டில் சாதியும் தேர்தலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில குறைக்கப்பட்டுள்ளன. அவையோரை விளித்த இடங்கள் அப்படியே உள்ளன.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "இனமும் நகர அரசியலும்". அமெரிக்க நகரங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடலாம். அங்கே இதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, சென்னைக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டர் போனால் என்ன ஆகும் என்று பார்க்கத் தோன்றியது. போகிற வழியில் எண்ணூர், காட்டுப்பள்ளி என்று நகரமும் கூடவே வடக்கே நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஆகவே தலைப்பை விட்டு நான் வெகுதூரம் விலகிவிடவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். "இந்தச் சாதி இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடும்" என்று கணக்குப் போடுவதையே சாதி அரசியலை ஆராய்வது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எம். என். சீனிவாஸ் 1955இல் எழுத்தில் கொண்டுவந்த "வாக்கு வங்கி" என்ற சொல், தேர்தல் காலத்தில் தொலைக்காட்சிப் பேச்சாளர்களின் அன்றாட ஊதியமாகிவிட்டது. பழவேற்காட்டில் சாதி செய்யும் முதன்மையான வேலை அதுவல்ல. யார் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை அது தீர்மானிக்கிறது. எந்தச் சின்னம் என்பது அதற்குப் பிறகு வருவது, பல சமயம் எளிதில் மாறுவதும்கூட.

1. கோடும் வாக்கும்

வெளியூர்க் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். அலபாமா மாநிலத்தின் மொபைல் ஒரு துறைமுக நகரம். 1911 முதல் அந்த நகரை மூன்று ஆணையர்கள் ஆண்டார்கள். மூவரையும் நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும், வார்டு கிடையாது. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர் வாழ்ந்தும், அந்த முறை இருந்த காலம் முழுவதும் அவர்களில் ஒருவர்கூட ஆணையராகவில்லை. 1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு வாக்குச் சாவடியில் அவர்களை யாரும் தடுக்கவில்லை. இருந்தும் அவர்கள் வாக்கு பெரும்பான்மைக்குள் கரைந்துபோனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1980இல் தோற்றது. 1982இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1985இல் மொபைல் வார்டு முறைக்கு மாறியதும் ஏழு பேர் கொண்ட மன்றத்தில் மூவர் கறுப்பினத்தவர். மக்கள் அதே மக்கள்தான், மாறியது கோடு.

சிகாகோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1931க்குப் பிறகு அங்கே குடியரசுக் கட்சிக்காரர் மேயர் ஆனதில்லை. 1983இல் ஜனநாயகக் கட்சி சார்பில் ஹரால்ட் வாஷிங்டன் என்ற கறுப்பினத்தவர் நின்றபோது, தலைமுறை தலைமுறையாக அக்கட்சிக்கே போட்டுவந்த வெள்ளையர் பெருந்திரளாக எதிர்க்கட்சிக்குப் போட்டார்கள். சுமார் 52 விழுக்காடு வாங்கி அவர் தப்பித்தார். வென்ற பிறகும் மன்றத்தில் 29 பேர் ஒரு பக்கம், அவரோடு 21 பேர் என்று நின்று அவரை ஆளவிடவில்லை. 1986இல் நீதிமன்ற ஆணைப்படி ஏழு வார்டுகளில் மறுதேர்தல் நடந்த பிறகே அவருக்கு மூச்சு விட முடிந்தது. நாற்காலி ஒருவரிடம் இருக்க, ஊரின் உண்மையான அதிகாரம் வேறொரு இடத்தில் இருக்கலாம் என்பதற்காக இதைச் சொன்னேன்.

2. ஏரியின் பட்டியல்

சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள், சுற்றுலாக்காரர்கள் அவர்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கோட்டைகளும் கொடிகளும் மாறின; ஏரிக்குள் யார் எங்கே வலை போடுவது என்பதை ஆள்வது பாடு முறை.

பழவேற்காட்டிலிருந்து வந்து பின்னால் உட்கார்ந்திருக்கும் ஐயாமார்களுக்கு நான் பாடு பற்றிச் சொல்வது அதிகப்பிரசங்கம்தான். மாணவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியின் தென்பகுதியில், முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டத்தோடு இறால் வரும் தடங்களில் கம்பு நட்டு வலை கட்டும் இடங்கள் உண்டு. எல்லா இடமும் ஒன்று போல இறால் தராது. நல்ல இடத்தை ஒருவரே பிடித்து வைத்துக்கொண்டால் ஊருக்குள் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, முறை வைத்து, இன்று இவருக்கு இந்த இடம், நாளை அவருக்கு என்று சுழற்றுவார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் இந்த முறைக்குப் பெயர் பெற்றவை. பொதுவள ஆய்வாளர்களும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அரசு தலையிடாமலே ஒரு பொதுவளத்தை மக்கள் ஒழுங்காகப் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்பதற்கு உதாரணமாகப் பழவேற்காட்டைப் புகழ்வதுண்டு.

அந்தப் புகழ்ச்சியில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் அந்தக் குலுக்கலில் யாருடைய சீட்டு இருக்கிறது என்ற கேள்வியை அது தாண்டிப் போய்விடுகிறது. சீட்டு தலைக்கட்டுக்கு உரியது; தலைக்கட்டுகளின் பட்டியலே ஏரியின் பட்டியல். தலைக்கட்டு என்றால் பட்டினவர் என்ற மீனவர் குடியில் பிறந்து, ஊருக்கு வரி கட்டும் ஆண். அவர் வீட்டு அம்மா மீனைக் கூடையில் சுமந்து விற்றுக் குடும்பத்தை நடத்தினாலும் தலைக்கட்டு ஆகமாட்டார். அதே ஏரியில் மீன்பிடிக்கும் ஆதிதிராவிடர் ஆகமாட்டார். பழங்குடியினரான இருளர் ஆகமாட்டார். இருளர்கள் பெண்ணும் ஆணுமாக இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடித்து, பறியை வாயில் கடித்துக்கொண்டு அதற்குள் போட்டுக்கொண்டே நகர்வார்கள். அவர்களுக்கு வலையும் இல்லை, வலை கட்டும் இடமும் இல்லை.

சீட்டு விழுந்த பிறகு பட்டினவருக்குள் ஏழை பணக்காரர் பார்ப்பதில்லை, முறை எல்லோருக்கும் ஒன்றே. பட்டியலுக்குள் இவ்வளவு நேர்மையான சமத்துவம் இருப்பதால்தான் பட்டியலின் வெளிச்சுவர் இத்தனை உயரமாக இருக்கிறது என்பது என் எண்ணம். புதிதாக ஒருவர் உள்ளே வந்தால் இருப்பவர் எல்லோருக்கும் முறை வரும் நாள் தள்ளிப்போகும். இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறியதும் சுவருக்கு வெளியே இருந்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள்: "நாங்களும் இதே கரையில்தானே பிறந்தோம்?" சண்டை வந்தது, அமைதிக் கூட்டங்கள் நடந்தன. வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கூட்டம் போனது.

மார்ட்டன் பாவிங்க் சோழமண்டலக் கரை பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும், மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் விதிக்கும், தொழிலுக்குப் போகத் தடை போடும், வலை வகையையே விலக்கி வைக்கும். சட்டமன்றத்தால் ஒரு மீனவரை நாளைக் காலை கரையிலேயே நிறுத்தி வைக்க முடியாது, ஊரால் முடியும். அன்றாடத்தைப் பொறுத்தவரை கனமான தேர்தல் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

3. ஆணையத்தின் பட்டியல்

இப்போது மற்றொரு பட்டியலுக்கு, தேர்தல் ஆணையத்தின் பட்டியலுக்கு, வருவோம். பழவேற்காடு பொன்னேரி சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. அது தனித்தொகுதி. மக்களவைக்குத் திருவள்ளூர், அதுவும் தனி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. அங்கே கரையை ஒட்டிய சூளூர்ப்பேட்டை சட்டமன்றத் தொகுதி தனி, அதை உள்ளடக்கிய திருப்பதி மக்களவைத் தொகுதியும் தனி. வடமேற்கே ஆரம்பாக்கம் பக்கத்துக் கரைகள் அடங்கிய கும்மிடிப்பூண்டிதான் பொதுத்தொகுதி. ஆக, ஏரியைச் சுற்றிய கரைகளின் பெரும்பகுதிக்குச் சட்டமன்ற உறுப்பினராகவோ நாடாளுமன்ற உறுப்பினராகவோ பட்டியல் சாதியினர் மட்டுமே வர முடியும்.

இது தற்செயல் அல்ல. பட்டியல் சாதியினரின் விகிதம் ஒப்பளவில் கூடுதலாக உள்ள பகுதிகளில், மாநிலத்தின் பல பாகங்களிலும் பரவலாகத் தனித்தொகுதிகளை ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். பொன்னேரி வட்டாரத்தில் வயல் சார்ந்த ஊர்களில் அவர்கள் தொகை கணிசமானது. 1932இன் பூனா ஒப்பந்தத்திலிருந்து வரும் ஏற்பாடு இது, நியாயமான ஏற்பாடு. இதை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் விளைவைப் பாருங்கள். ஏரியின் பட்டியலில் முழு அதிகாரம் வைத்திருக்கும் பட்டினவர், ஆணையத்தின் பட்டியலில் வாக்காளர் மட்டுமே, வேட்பாளர் ஆக முடியாது. ஆணையத்தின் பட்டியலில் வேட்பாளர் ஆகக்கூடியவர் ஏரியின் பட்டியலில் பெயரே இல்லாதவர். சிகாகோவில் மூன்று ஆண்டு நடந்தது இங்கே தலைமுறைகளாக நடக்கிறது. பொன்னேரியில் 2011இலும் 2016இலும் அதிமுக வென்றது, 2021இல் திமுக கூட்டணியில் காங்கிரஸ் வென்றது. எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும் தார்ச்சாலை, தண்ணீர்த் தொட்டி, தூண்டில் வளைவு பற்றிப் பேசுவார். பாடு பற்றி வாய் திறக்கமாட்டார். திறந்தால் குப்பங்களின் வாக்கு போகும். திறக்காமல் இருந்தால் அவர் சொந்தச் சாதி மீனவரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த மௌனத்தைத்தான் நான் பழவேற்காட்டு அரசியலின் மையம் என்பேன்.

"தனித்தொகுதி இல்லாவிட்டால் மீனவர் எம்.எல்.ஏ. வந்திருப்பார்" என்று குப்பங்களில் சொல்வதுண்டு. எனக்கு ஐயம். பக்கத்திலேயே பொதுத்தொகுதியான கும்மிடிப்பூண்டி இருக்கிறது. அங்கே கரையோர வாக்கு உள்நாட்டு வேளாண் சாதிகளின் வாக்குக்குள் கரைகிறது, மொபைல் நகரத்துக் கதைதான். நகரத்துக்குள் ராயபுரம் போல மீனவர்கள் நெருங்கி வாழும் தொகுதியில்தான் அச்சமூகத்தவரான து. ஜெயக்குமார் போன்ற ஒருவர் மீண்டும் மீண்டும் வென்று மீன்வளத் துறை அமைச்சராகவும் ஆக முடிந்தது.

இருளர் நிலை இரண்டிலும் மோசம். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு இரண்டுதான்: ஏற்காடும் சேந்தமங்கலமும். இருளர் மிகுதியாக வாழும் வடமாவட்டங்களில் ஒன்றுகூட இல்லை.

4. ஞானஸ்நானமும் நாற்காலியும்

இந்தப் பகுதியைப் பேச்சில் விரைவாகக் கடந்தேன், அச்சில் கொஞ்சம் நின்று சொல்லலாம். பழவேற்காட்டில் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே மாதா கோயில் உண்டு, கிறித்தவ மீனவர் ஊர்களும் உண்டு. தமிழ்நாட்டு அரசின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பருவதராசகுலம், பட்டினவர், செம்படவர் ஆகியோர் "மீனவர்" என்ற தலைப்பில் வருகிறார்கள். கிறித்தவத்துக்கு மாறியவர்களும் அதிலேயே அடக்கம். பட்டினவர் ஞானஸ்நானம் பெற்றாலும் அரசுப் பட்டியலில் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

அவருக்குப் பக்கத்துத் தெரு ஆதிதிராவிடர் அதே கோயிலில் அதே நீரால் ஞானஸ்நானம் பெற்றால், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் ஆகிறார். பொன்னேரியில் வேட்பாளராக நிற்கும் தகுதி போய்விடுகிறது. ஏரியின் பட்டியலிலோ அவர் எப்போதும் இருந்ததில்லை. அந்த ஆணை 1956இல் சீக்கியருக்காகவும் 1990இல் பௌத்தருக்காகவும் திருத்தப்பட்டது, கிறித்தவருக்காகவும் இசுலாமியருக்காகவும் திருத்தப்படவில்லை. வேறெங்கும் சட்டப் புத்தகத்தில் படிக்கும் இந்த வேறுபாட்டை, பழவேற்காட்டில் ஒரே பூசைக்கு வரும் இரண்டு குடும்பங்களிடம் பார்க்கலாம்.

5. படகோட்டி

அப்படியானால் குப்பங்கள் யாருக்குத்தான் போடுகின்றன? இதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. எம்.ஜி.ஆர். 1964இல் படகோட்டியாக நடித்தார், 1977இல் மீனவ நண்பனாக நடித்தார், அதே ஆண்டு முதலமைச்சரும் ஆனார். அவர் மீனவர் அல்லர். கரைக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. சிந்தனைச் சிற்பி சிங்காரவேலரோ சென்னைக் கரையிலேயே பிறந்தவர். மீனவர் குடும்பத்தவர், 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடியவர். அவர் படம் மீனவர் கூட்டங்களில் மேடையில் இருக்கும், அவர் சார்ந்த பொதுவுடைமை இயக்கத்துக்கு அந்தக் கரை வாக்குகளை அள்ளிக் கொடுத்துவிடவில்லை. தன் சாதிக்காரனுக்கே ஓட்டு என்ற சூத்திரம் இங்கே இரண்டு பக்கமும் பொய்க்கிறது.

ஊர்க் கூட்டம் பொதுவாகச் சின்னத்தைத் தீர்மானிப்பதில்லை, கோரிக்கையைத் தீர்மானிக்கும். முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொண்டால் ஏரிக்கும் கடலுக்கும் போக்குவரத்து அற்றுப்போகும், உப்பின் அளவு மாறும், இறால் வராது. அதனால் முகத்துவாரத்தில் நிரந்தரமாகக் கல்சுவர் எழுப்ப வேண்டும் என்பது எல்லாக் கட்சி வேட்பாளரிடமும் கொடுக்கப்பட்ட மனு. சுமார் 27 கோடி ரூபாயில் அந்தத் திட்டம் வந்தது. இரண்டு பெரிய கட்சிகளும் அதற்கு உரிமை கொண்டாடுகின்றன. கொண்டாடட்டும்.

6. காட்டுப்பள்ளி

எல்லாப் பட்டியலும் ஒன்றாக வரிசையில் நின்ற காலமும் உண்டு. எண்ணூரில் 2001இல் ஒரு துறைமுகம் வந்தது. அதன் வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி கட்டிய துறைமுகத்தை 2018இல் அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கரில் இருந்த அதை 6,111 ஏக்கராக விரிக்கத் திட்டம் வந்தபோது, பட்டினவர் குப்பங்களும் ஆதிதிராவிடர் ஊர்களும் இருளர் குடியிருப்புகளும் சேர்ந்து எதிர்த்தன. 2021 ஜனவரி 22இல் நடக்க இருந்த பொதுக்கருத்துக் கேட்பு தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5க்கு வைத்ததும் தள்ளிப்போனது. கட்சி எதுவாக இருந்தாலும் அந்தத் திட்டத்தை ஆதரித்து இந்தக் கரையில் வாக்குக் கேட்கும் துணிச்சல் வேட்பாளர்களுக்கு இல்லை. சாதி கடந்து ஒரு வாக்காளர் தொகுதி உருவாகக் கூடும் என்பதற்கு இதுவே நான் கண்ட வலுவான சான்று.

ஆனால் எதிர்ப்பில் சேர்ந்தவர்கள் இழப்பீட்டில் பிரிகிறார்கள். காட்டுப்பள்ளிக் குப்பத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் நிரந்தர வேலை கேட்கிறார்கள். குப்பங்கள் கடலை இழந்ததற்கு ஈடு கேட்கின்றன. கையால் இறால் தடவுகிறவருக்குப் படகு இல்லை, வலை இல்லை, பட்டா இல்லை, அவர் எதை இழந்ததாக எழுதிக்கொடுப்பார்? இங்கே மூன்றாவது பட்டியல் ஒன்று முளைக்கிறது: கூட்டுறவுச் சங்கத்தில் யார் உறுப்பினர், மீன்வளத் துறையின் கணக்கில் யார் மீனவர் என்ற பட்டியல். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்ந்த பிறகு அந்தப் பட்டியலுக்கு மதிப்பும் உயர்ந்திருக்கிறது. தேர்தல் நேரத்தில் குப்பத்துக்குள் வரும் கட்சிக்காரரிடம் கொள்கை பற்றிக் கேட்பவர் குறைவு. "என் பேரு விட்டுப்போச்சு, சேத்துக் குடுங்க" என்பதுதான் கேள்வி. அரசியல் அறிவியலாளர்கள் இதைச் சில்லறை அரசியல் என்று ஒதுக்குவார்கள். பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாததுமே ஒருவருடைய குடிமைத் தகுதி என்று ஆகிவிட்ட ஊரில் இதைவிடக் கொள்கை சார்ந்த கேள்வி வேறென்ன இருக்கிறது?

சாரா கூல்தார்ட் 2008இல் எழுதியது இதோடு பொருந்துகிறது. ஏரி நலியும்போது தொழிலை மாற்றிக்கொள்ள யாருக்கு எளிது என்று அவர் கேட்டார். பாடு உரிமை பெற்ற பட்டினவருக்கு அது அதிகக் கடினமாக இருந்தது. உரிமையே அவர்கள் மானமாகவும் இருந்தது. மேலே இருப்பதாகத் தெரிந்தவரை அவருடைய பட்டியலே கட்டிப்போட்டது.

7. கோடு மீண்டும் போடப்பட்டால்

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு தொகுதி மறுவரையறை வரும் என்று எல்லோரும் பேசுகிறோம். தென்னகத்துக்கு எத்தனை இடம் குறையும் என்பதே பேச்சு. எனக்கு வேறொரு கேள்வி. எண்ணூரில் தொடங்கி காட்டுப்பள்ளி, பழவேற்காடு வழியாக ஆரம்பாக்கம் வரை கரையோரமாகவே நீளும் ஒரு தொகுதி வரைந்தால்? மொபைல் காட்டிய வழியில், மீனவர் ஒருவர் சட்டமன்றத்துக்குப் போகும் வாய்ப்பு கூடும். மீனவர் அமைப்பு நண்பர்கள் சிலர் இந்த யோசனையை என்னிடம் ஆர்வத்தோடு சொல்லியிருக்கிறார்கள். துறைமுகங்களுக்கு எதிரே நிற்க அப்படி ஒரு குரல் தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அந்தக் கோட்டை இன்றைய நிலையில் போட்டால், ஏரியின் பட்டியலும் ஆணையத்தின் பட்டியலும் ஒரே கைக்குப் போகும். இன்று ஆதிதிராவிட மீனவருக்கு ஏரியில் இடம் இல்லாவிட்டாலும் சட்டமன்ற உறுப்பினரின் வாசலாவது இருக்கிறது. அதுவும் போய்விடும். ஆகவே நான் அந்த நண்பர்களிடம் சொன்னது: முதலில் ஏரியின் பட்டியலைத் திறவுங்கள், பிறகு கோட்டைக் கேளுங்கள், நானும் கூட வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

திறப்பது என்றால் எல்லோரும் எங்கும் வலை கட்டலாம் என்று சொல்லவில்லை. அப்படிச் செய்தால் ஏரியில் ஒரு பருவம்கூட இறால் மிஞ்சாது. கை இறால் பிடிப்பவர்களுக்கென்று, வலை கட்டாத ஆழங்குறைந்த பகுதிகளை ஊரே குறித்துத் தரலாம். சீட்டுக் குலுக்கும் கூட்டத்தில், சீட்டு இல்லாவிட்டாலும், இருளரும் ஆதிதிராவிட மீனவரும் மீன் விற்கும் பெண்களும் உட்கார்ந்து பேச இடம் தரலாம். கூட்டுறவுச் சங்க உறுப்பினர் ஆவதற்குப் படகும் வலையும் வேண்டும் என்றில்லாமல், ஏரியில் இறங்கிப் பிழைப்பவர் எவரும் சேரலாம் என்று ஆக்கலாம். முதல் இரண்டுக்கும் அரசாணை எதுவும் வேண்டியதில்லை, ஊர்க் கூட்டத்தின் தீர்மானமே போதும். மூன்றாவதற்கு மட்டும் மீன்வளத் துறையின் ஒத்துழைப்பு வேண்டும். அதை வரும் தேர்தலின் மனுவில், முகத்துவாரத்துக் கல்சுவருக்கு அடுத்த வரியில் எழுதிக் கொடுக்கலாம்.